பாதிக் கட்டில்

மணி நாலு இருக்கும். சாயங்காலம் நாலு. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பேய்க் கதை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு வெயில் அடிக்கிறது என்கிறாளே என்று பார்க்காதீர்கள். இருட்டு எங்கே போகிறது... வரும்.

ஒரே ஒரு ஜீப். அதில் இரண்டே பேர். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் மலை, நடுவே கல்லும் மணலுமாக ஒரு தடம். மரம் இல்லை, புல் இல்லை, ஒரு காக்காய்கூடக் கிடையாது. நம் பச்சைமலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பச்சைமலையின் தலையில் இன்னொரு பச்சைமலையை வைத்து, அதன் மேல் இன்னொன்று, இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் வரும் உயரம். லடாக்கு. அங்கே நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு இரைக்கும். பேச ஆரம்பித்தால் பாதிப் பேச்சில் காற்று தீர்ந்துவிடும்.

பூங்காவனம், நீ வெங்காயத்தை உரி. விடிந்தால் கல்யாணம், ஊரே சாப்பிட வரும். கரண்ட் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அரிவாள்மனை வைத்திருப்பவர்கள் மட்டும் நிறுத்துங்கள். ஜெயங்கொண்டத்துக் கல்யாணத்தில் சாம்பாரில் விரல் கிடந்தது என்று பேர் வேண்டாம். அந்த மெழுகுவர்த்தியை இப்படி நடுவில் வையுங்கள்... ம்.

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக் கடையில் என்னோடு வேலை பார்த்த கண்ணகி, அவளுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. கடைசியில் நடந்ததைக் கண்ணகியே பக்கத்தில் இருந்து கேட்டாள். அவள் பொய் சொல்கிற ரகம் இல்லை. சேலையில் சின்னக் கறை இருந்தாலும் வாங்க வந்தவரிடமே காட்டிவிட்டு, முதலாளியிடம் திட்டு வாங்குவாள்.

மாமா பெயர் குருநாதன். பெரம்பலூரில் வாடகை ஜீப் ஓட்டியவர். யாரோ ஒரு என்ஜினீயர் பழக்கத்தில், இரண்டாயிரத்து மூன்று வாக்கில், அவருக்கு வடக்கே ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்தது. மலை மேலே மனுஷன் இல்லாத இடத்தில் ஏரிகள் இருக்கின்றன. ஜீப்பில் அங்கே போய், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, கீழே டவுனில் இருக்கும் ஆபீசில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தத் தண்ணீர் எதற்கு என்று கேட்காதீர்கள், அது மாமாவுக்கே தெரியாது.

மாமாவுக்கு ஒரு தங்கை, சிந்து. கண்ணகிக்குச் சித்தி முறை. உடையார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் அசோக் முந்திரி வியாபாரம் பார்த்தார். வியாபாரம் படுத்துவிட்டது, ஆள் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். லீவில் வந்த மாமா, என்னோடு அனுப்பு, ஹெல்ப்பர் வேலை இருக்கிறது என்றார். சிந்துவுக்கு மனசே இல்லை. அவளுக்கு அந்த ஊரும் தெரியாது, மலையும் தெரியாது. புருஷனைத் தெரியும். மார்கழியில் வாசலுக்கு வந்தாலே சளி பிடிக்கிற உடம்பு அது. ஆனாலும் அசோக் ஆசைப்பட்டார். அண்ணனிடம் அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"உன்னை நம்பித்தாண்ணே அனுப்புறேன். அவரை நம்பி இல்ல."

"என் பக்கத்துலயே வச்சுக்கிறேன் புள்ள. ஒரு ராத்திரிகூட மாப்ளயத் தனியா விடமாட்டேன்" என்றார் மாமா.

சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார். இதில் எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

வழக்கமாக அந்த ஊர்க்காரன் ஒருவனும் கூட வருவான். வழி தெரிந்தவன். அந்த வாரம் அவன் அக்கா மகளுக்குக் கல்யாணம் என்று நின்றுவிட்டான். நிற்கும்போது ஒன்று சொல்லி அனுப்பினான். ஏரிக்கு முன்னால் ஓர் ஓடை குறுக்கே வரும், காலையில் தாண்டிப் போய் உச்சிக்கு முன்னால் தாண்டித் திரும்பிவிடுங்கள் என்றான். மாமா தலையாட்டினார். நம் ஆட்கள் தலையாட்டுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் போனபோது ஓடையில் கணுக்கால் தண்ணீர். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அசோக் அந்த ஏரியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நீலம் போட்டு அலசிய வாளித் தண்ணீர் மாதிரி அப்படி ஒரு நிறமாம். அலை இல்லை. உப்பு வாடை மட்டும் லேசாக. பாட்டில்களை நிரப்பி முடித்த பிறகும் அசோக் கரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. சிந்துவை ஒரு தடவை இங்கே கூட்டிவர வேண்டும் மச்சான் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாமாவும் விட்டுவிட்டார். வந்ததிலிருந்து அந்த மனுஷன் சிரித்தது அன்றைக்குத்தான்.

திரும்பி ஓடைக்கு வந்தபோதுதான் நான் சொன்ன அந்த நாலு மணி. ஓடை இல்லை அங்கே... ஆறு. ஜீப் கண்ணாடி உயரத்துக்கு மண் நிறத்தில் தண்ணீர் உருண்டு போகிறது. நமக்கு மழை பெய்தால் வெள்ளம். அங்கே வெயில் அடித்தால் வெள்ளம். பகல் முழுக்க மேலே பனி உருகி, சாயங்காலம் இறங்கி வருமாம். ராத்திரிக் குளிரில் மறுபடி உறைந்து, காலையில் வடிந்துவிடும். அதற்குத்தான் அவன் சொல்லியிருக்கிறான்.

ஓடையோரம் நிற்கலாம் என்றால் மேலிருந்து கல் உருண்டு விழுகிறது. வேறு வழியில்லை. ஏரிக்கரைக்கே ஜீப்பைத் திருப்பினார்கள்.

அது தகரக் கூரை போட்ட, கதவு வைத்த ஜீப். முன்கதவு இரண்டையும் பூட்டிவிட்டு, பின்பக்கம் பாட்டில் பெட்டிகளை ஓரம் கட்டி, கம்பளிகளை விரித்து, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். கால்மாட்டில் பின்கதவு. பொரியும் வெல்லமும் தின்றார்கள். மாமாவுக்கு மண்டை இடி. உயரத்தில் அப்படித்தான் வருமாம், நெற்றிப்பொட்டில் யாரோ உளி வைத்துத் தட்டுகிற மாதிரி.

ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்தக் குளிரில் ராத்திரி வண்டியை நிறுத்தினால் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து ரேடியேட்டர் வெடித்துவிடும், காலையில் வண்டி கிளம்பாது, அப்புறம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அது டிரைவர் வேலை. கொஞ்சம் தலைவலி விடட்டும், இறங்கி முடித்துவிடுகிறேன் என்று மாமா கண்ணை மூடினார்.

அசந்துவிட்டார்.

விழித்தபோது கும்மிருட்டு. கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். சத்தம் என்று ஒன்றுமே இல்லை. நாய் இல்லை, பூச்சி இல்லை, காற்றுகூட நின்றுபோயிருந்தது. தன் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

அப்போது... கால்மாட்டில்... கதவுக்கு வெளியே...

"மச்சான்."

அசோக்கின் குரல்.

நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ராத்திரியில் வெளியே இருந்து யாராவது கூப்பிட்டால், தெரிந்த குரலாகவே இருக்கட்டும், பெற்ற தாயின் குரலாகவே இருக்கட்டும், முதல் தடவைக்கு ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டாவது தடவைக்கும் கேட்கக் கூடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுஷன். மனுஷனுக்குத்தான் மூன்று தடவை கூப்பிட வரும். மற்றதற்கு வராது. இங்கே இருக்கிற எல்லோரும் இதைத்தான் கேட்டு வளர்ந்தோம். மாமாவும்தான்.

மாமா இருட்டில் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

அசோக் பக்கத்தில்தான் படுத்திருந்தார். கம்பளிக்குள் தோள் தட்டுப்பட்டது. மூச்சு ஏறி இறங்குவது கைக்குத் தெரிந்தது.

பக்கத்தில் அசோக். வெளியே அசோக்கின் குரல். ஏ சிந்தாமணி, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாயே, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ...சும்மா கேட்டேன், பயப்படாதே. என் மடியில் ஏறாதே.

மாமா உதட்டை அசைக்காமல், "மாப்ள, கேக்குதா?" என்றார்.

கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது. "கேக்குது மச்சான். திறக்காதீங்க. மூணாவது தடவை கூப்பிடட்டும்."

அசோக் பேசுகிற மாதிரியேதான் இருந்தது. அந்தக் குரல், அந்த மரியாதை, எல்லாம். மாமாவுக்குத் தெம்பு வந்தது. மெல்ல எழுந்து, முட்டி போட்டு நகர்ந்து, பின்கதவின் பூட்டுக் குமிழை விரலால் அமுக்கினார்.

ட்டக்.

அந்தச் சத்தம் உள்ளே இருந்த மாமாவுக்கு எவ்வளவு கேட்டதோ, அவ்வளவு வெளியேயும் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு,

"மச்... சான்..."

இரண்டாவது. பாதியில் காற்று இல்லாமல் அறுந்தது. அப்புறம் தகரத்தில் ஏதோ தட்டுகிற சத்தம். மோதிரம் போட்ட விரல் தட்டினால் வருமே, அது. டிக்... டிக்... இடைவெளி நீண்டுகொண்டே போனது. நின்றுவிட்டது.

மாமா காத்திருந்தார். மூன்றாவது தடவை வரவே இல்லை. ஒழிந்தது சனியன் என்று அவருக்கு நிம்மதி. குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தார். பக்கத்தில் இருந்தவர் புரண்டு, அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டார். அந்தக் குளிருக்கு அது இதமாக இருந்தது. மாமா தூங்கிவிட்டார்.

விடிந்தது.

எழுந்து பார்த்தால் பக்கத்தில் கம்பளி தட்டையாகக் கிடக்கிறது. மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டார். ஒன்றுக்குப் போயிருப்பார் என்று நினைத்து, குமிழைத் தூக்கிவிட்டுப் பின்கதவைத் தள்ளினார். கதவு கனத்தது. தோள் கொடுத்துத் தள்ளினார். கதவோடு ஒரு கையும் சேர்ந்து வந்தது.

அசோக் கதவில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் இருந்தார். வலது கை வெளிக் கைப்பிடியைப் பிடித்தபடி. புருவத்தில் பனி. வாய் திறந்திருந்தது.

ஜீப்புக்கு முன்னால் போய்ப் பார்த்தார். ரேடியேட்டர் குழாய் திறந்திருந்தது. கீழே தரையில், இறக்கிவிட்ட தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது.

புரிகிறதா? மச்சானுக்குத் தலைவலி, எழுப்ப வேண்டாம் என்று அந்த மனுஷன் இறங்கிப் போயிருக்கிறார். மச்சான் செய்ய வேண்டிய வேலையை முடித்துவிட்டு, நனைந்த கையோடு வந்து கதவைப் பிடித்திருக்கிறார். அந்தக் குளிரில் ஈரக் கை இரும்பில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். விடாது. உள்ளே பூட்டுகிற சத்தமும் கேட்டிருக்கிறது. அப்படியும் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாவது தடவைக்குத்தான்... அந்த உயரத்தில் மூச்சு எங்கே இருக்கிறது?

சரி, ஓடை வடிந்தது, மாமா உடம்பை ஜீப்பில் போட்டுக்கொண்டு கீழே வந்தார். கம்பெனியில் விசாரித்தார்கள், டாக்டர் பார்த்தார், உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறல் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே அது புதுசு இல்லை. பெட்டியில் வைத்து விமானத்தில் மெட்ராஸ், அங்கிருந்து வண்டியில் உடையார்பாளையம். வழி முழுக்க மாமா பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். வந்து தங்கையிடம் என்ன சொன்னார் தெரியுமா? தூக்கத்திலேயே போய்விட்டார், என் பக்கத்தில்தான் படுத்திருந்தார், ஒரு கஷ்டமும் படவில்லை என்றார்.

எல்லோரும் நம்பினார்கள். சிந்துவும் நம்பினாள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. என் புருஷன் முகத்தை நான் பார்க்க வேண்டும் என்று திறக்க வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். தலையைத் தடவினாள். அப்புறம் கையைப் பிடித்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. பிரித்தாள்.

உள்ளங்கையில் தோலே இல்லை.

பந்தலில் அழுகைச் சத்தம் நின்றுபோனது என்று கண்ணகி சொன்னாள். சிந்து தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.

"தூக்கத்துல போனவரு கை எதைப் பிடிச்சுச்சுண்ணே?"

மாமாவால் தாங்க முடியவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெளியே கேட்ட குரல், பக்கத்தில் தட்டுப்பட்ட தோள், கம்பளிக்குள்ளிருந்து வந்த பதில், குமிழை அமுக்கியது, எல்லாம். சிந்து முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மலையில கிடக்குற பேய்க்கு, மூணு தடவை கூப்பிடணுங்கிற நம்மூரு சாங்கியம் எப்படிண்ணே தெரிஞ்சுது?"

நீங்கள் யாராவது பதில் சொல்லுங்கள் பார்ப்போம். நானும் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். சிந்து பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"உனக்குப் பயம். பூட்டிக்கிட்ட. அதைச் சொல்லியிருந்தாக்கூட என்னைக்காவது மன்னிச்சிருப்பேன். செத்தவரு வாயில பழியப் போடுறியே. இனி எனக்கு அண்ணன் இல்ல."

அதோடு முடிந்தது. மாமா, பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கும்வரைகூட நிற்காமல் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அவருக்கு வீடு ரஞ்சன்குடிப் பக்கம், ஹைவேயைவிட்டு உள்ளே தள்ளித் தனியாக இருக்கும். மனைவி ஜெயலட்சுமி, இரண்டு பிள்ளைகள். வடக்கே திரும்பிப் போகவில்லை. உள்ளூரிலேயே வண்டி ஓட்டினார். கொஞ்ச நாள் கழித்து ஆரம்பித்தது.

ராத்திரியில் வாசலில் கூப்பிடுகிற சத்தம். மச்சான்... என்று ஒரே ஒரு தடவை.

ஜெயலட்சுமிக்கு அது கேட்காது. பிள்ளைகளுக்கும் கேட்காது. மாமா மட்டும் படுக்கையிலிருந்து எழுந்து ஓடுவார். இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கவே மாட்டார். விழுந்தடித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். திறந்து வைத்துக்கொண்டு விடிய விடிய நிற்பார். மறுநாளும் அதே கதை. ஜெயலட்சுமி மந்திரித்துப் பார்த்தாள், வேண்டுதல் வைத்தாள், சண்டை போட்டாள். ஒரு நாள் மாமா ஆசாரியைக் கூட்டிவந்து வீட்டில் இருந்த கதவை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார். முன்கதவு, பின்கதவு, எல்லாம்.

"மாப்ள கூப்பிட வேணாம். வரணும்னா வந்துக்கிறட்டும்" என்றாராம்.

அன்றிலிருந்து கூப்பிடுகிற சத்தம் நின்றுவிட்டது. நின்றதுதான் ஜெயலட்சுமிக்கு அதிகப் பயம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போன இடத்தில் மனசு கேட்கவில்லை. புருஷன் ஆயிற்றே. உடையார்பாளையம் போய்ச் சிந்துவின் காலில் விழுந்தாள். ஆள் துரும்பாகிப் போய்விட்டார், நீ வந்து மன்னிச்சுட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வார் என்று அழுதாள். சிந்து முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஓடி, ஒரு சித்திரை மாசம், அவளாகவே கிளம்பிப் பெரம்பலூர் வந்தாள். கடைக்கு வந்து, துணைக்கு வா என்று கண்ணகியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இனிமேல் கண்ணகி பார்த்தது. கிட்டே வாருங்கள்.

வீட்டு வாசலில் வெறும் நிலை மட்டும் நின்றதாம். உள்ளே மாமா எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்தார். சிந்து அவரைத் தாண்டி உள்ளே போனாள். கண்ணகிதான் சோறு ஆக்கினாள். ராத்திரி சித்தியும் அவளும் உள் அறையில் பாய் போட்டுப் படுத்தார்கள். மாமா கூடத்தில், கயிற்றுக் கட்டிலில். சித்திரைப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும், தரை அனல் கக்குகிறது, விசிறியைக் கீழே வைத்தால் வியர்க்கிறது. அதில் மாமா கட்டில் மேல் ஒரு கம்பளியை விரித்து வைத்திருந்தார். ஒரு ஆளுக்கு இல்லை, இரண்டு ஆளுக்கு ஆகிற கம்பளி.

கண்ணகிக்கு எப்போதோ விழிப்புத் தட்டியது. ஹைவேயில் லாரிச் சத்தம்கூட ஓய்ந்திருந்தது. உப்பு வாடை அடித்தது. ரஞ்சன்குடியில் ஏது உப்பு வாடை என்று நினைக்கும்போதே, கூடத்தில் குரல் கேட்டது.

"கதவைச் சாத்துங்க மச்சான்... குளிருது."

வெளியே இருந்து இல்லை. உள்ளே இருந்து. மாமா படுத்திருந்த கட்டிலில் இருந்து.

கண்ணகி பக்கத்தில் பார்த்தால் சித்தி கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

கூடத்தில் மாமா எழுந்தார். கதவுதான் இல்லையே. கொடியில் கிடந்த ஜமுக்காளத்தை எடுத்து, வாசல் நிலையில் இருந்த ஆணிகளில் மாட்டித் தொங்கவிட்டார். தினம் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி, நிதானமாக. திரும்பி வந்து, ஒருக்களித்து, கட்டிலின் ஒரு ஓரமாகப் படுத்தார். மற்றப் பாதி காலி. காலி என்றா சொன்னேன்? அந்தப் பாதியிலும் கயிறு தொய்ந்திருந்தது என்கிறாள் கண்ணகி.

சிந்து எழுந்து போனாள். கண்ணகி பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். மாமா விழித்துத்தான் இருந்தார்.

"யாருன்னு எனக்குத் தெரியல சிந்து" என்றார். "கேக்கவும் பயமா இருக்கு. ஒருவேளை மாப்ளயா இருந்தா... இன்னொரு தடவை எப்படி வெளிய விடுறது?"

சிந்து கட்டிலுக்கு அந்தப் பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கம்பளிக்குள் கையை விட்டாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். கண்ணகிக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. பிறகு கையை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுந்தாள்.

"அவருதாண்ணே. நல்லாப் போத்திப் பாத்துக்க."

அண்ணே என்று சொல்லி எத்தனை நாள் ஆகிவிட்டது. மாமா குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். கம்பளியை இழுத்து அந்தப் பாதிக்குப் போர்த்திவிட்டார். கதவைக் கழற்றிய நாளிலிருந்து அவர் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தானாம்.

காலையில் சித்தியும் கண்ணகியும் அரியலூர் பஸ் ஏறினார்கள். கண்ணகிக்குப் பயம் ஒரு பக்கம், மனசு லேசானது ஒரு பக்கம். சித்தப்பா எந்த ரூபத்திலாவது வந்து சேர்ந்தாரே, அண்ணனும் தங்கையும் ஒன்று சேர்ந்தார்களே என்று ஏதோ ஆறுதலாகச் சொன்னாள். சிந்து ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தாள்.

"அது அவரு இல்ல" என்றாள்.

கண்ணகி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"எட்டு வருசம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப மாமா அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய் இல்லையே சித்தி" என்றாள் கண்ணகி.

"பொய் இல்ல."

"பின்ன ஏன் அவருதான்னு சொல்லிட்டு வந்தீங்க?"

கண்டக்டர் வந்தார். சிந்து இரண்டு டிக்கெட் வாங்கினாள். மீதிச் சில்லறையைச் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் பதில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு வெளிய நின்னு கூப்பிட்டாரு. எங்கண்ணன் பக்கத்துல கிடந்ததத்தானே நம்புனாரு. அதோடயே கிடக்கட்டும்."

அதற்குப் பிறகு சிந்து அந்தப் பக்கம் போகவே இல்லை. மாமா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். யார் என்ன விசாரித்தாலும், மாப்பிள்ளை என்னோடுதான் இருக்கிறார், என் தங்கையே வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள் என்று சந்தோஷமாகச் சொல்கிறாராம். பாதிக் கட்டிலில்தான் படுக்கிறார்.